சென்ட் என்ன விலை என்பது கடைசிக் கேள்வி

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தரான நம் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னை இன்று பேசச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பில் இப்போது இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு ஒன்றுதான். "ஃபிளாட்டை வித்துட்டு ஒரு அஞ்சாறு சென்ட் வாங்கித் தனி வீடாக் கட்டிரலாமா அண்ணாச்சி?" என்று என்னிடமே நான்கு வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். இன்னும் சிலர், ஃபிளாட்டை வைத்துக்கொண்டே ஓய்வுப் பணத்தில் ஒரு மனை வாங்கிப் போடலாமா என்று கேட்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனும் கூடங்குளம் ரோட்டில் மனை பார்க்கிறான். ஆகவே இது உங்களுக்கு மட்டும் சொல்வதல்ல, என் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்வது.

நான் வக்கீல் இல்லை, எஞ்சினியரும் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். கடனுக்குக் கையெழுத்துப் போடுவது மேலாளர். ஆனால் பத்திரங்களை வாங்கி எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, கடன் தீர்ந்ததும் திருப்பிக் கொடுப்பது எழுத்தரின் வேலை. பத்திரத்தில் குறை இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தரும்போது ஒரு மனிதரின் முகம் எப்படி வாடும் என்பதை நான் பல வருடம் பார்த்தவன். பெரும்பாலும் அவர் அதற்குள் முழுப்பணத்தையும் கொடுத்து முடித்திருப்பார்.

அப்படி வந்தவர்களிடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. "சென்ட் என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "பக்கத்துக் கிணற்றில் சித்திரை மாசம் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த நிலம் விற்றவருக்கு எப்படி வந்தது?" என்று கேட்டாலும் வராது. விலையை முதலில் கேட்டால் மற்ற கேள்விகள் மறந்துபோகும். நான் இன்று சொல்லவந்தது இவ்வளவுதான்: நம் மாவட்டத்தில் மனையோ வீடோ வாங்க நினைத்தால் விலையைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன் தண்ணீர், காற்று, பாதை, பத்திரம் என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன.

ஒரு மாவட்டம், பல நிலம்

நம் குமரி மாவட்டம் பரப்பளவில் சிறியது. ஆனால் பத்து கிலோமீட்டர் போனால் மண் மாறுகிறது, மழை மாறுகிறது, பேச்சும் மாறுகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் பள்ளமுமாக ரப்பர், மரச்சீனி, தென்னை. அங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்யும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் பழைய நாஞ்சில் நாடு. கோதையாற்றுத் தண்ணீரை நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்த பூமி. அந்தத் தண்ணீருக்கு ஆதாரமான பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. அகஸ்தீஸ்வரத்திலும் கிழக்கே நம் அஞ்சுகிராமம் பக்கம் வரவர மழை குறைவு, காற்று அதிகம், பனையும் விளைநிலங்களும் கூடுதல். தெற்கே கடல். கிழக்கே சிறிது தூரம் போனால் மாவட்டமே மாறி, திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் தாலுகா வந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மார்த்தாண்டத்தில் வீடு கட்டிய மச்சான் சொல்லும் யோசனை அஞ்சுகிராமத்துக்குப் பொருந்தாது. சென்னையில் கிரவுண்டு கணக்கில் வாங்கியவரின் அனுபவமும் பொருந்தாது. 'அஞ்சுகிராமம் அருகில்' என்று நோட்டீஸில் போட்டிருக்கும் மனை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறதா, எல்லை தாண்டி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எல்லை தாண்டினால் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், கலெக்டர் அலுவலகம் எல்லாமே வேறு. பட்டாவுக்காக அலையும்போதுதான் அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

முதல் கேள்வி: தண்ணீர்

தண்ணீரைப் பற்றி இரண்டு முறை கேட்க வேண்டும். கோடையில் எங்கிருந்து வருகிறது? மழையில் எங்கே போகிறது?

மனையைச் சித்திரை, வைகாசியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். கிணறா, போர்வெல்லா, எத்தனை அடி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் நிற்கிறது, பேரூராட்சிக் குழாய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டால் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதித்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடலோரப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் உவர் ஏறும். இன்று நன்றாக இருக்கிற தண்ணீர், பக்கத்தில் இருபது வீடு வந்தபிறகும் அப்படியே இருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தடவை போங்கள். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரிலும் தென்மாவட்டங்கள் முழுக்க வெள்ளம். அந்த நாட்களில் அந்த மனையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விசாரியுங்கள். வயலாக இருந்த இடத்தில் செம்மண் அடித்து மேடாக்கிவிட்டால் கண்ணுக்கு மனையாகத்தான் தெரியும். தண்ணீருக்கு அது இன்னும் வயல்தான். அது தன் பழைய வழியைத் தேடி வரும்.

நஞ்சையை வீட்டுமனையாக மாற்ற முறையான அனுமதி வேண்டும். இதற்கென 2017-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது. 'அடங்கலில் தரிசு என்று இருக்கு, ஒண்ணும் பிரச்சினை இல்ல' என்று தரகர் சொன்னால் போதாது. பட்டாவில் நஞ்சையா புஞ்சையா என்று நீங்களே பாருங்கள். மனையை ஒட்டிக் குளமோ கால்வாயோ ஓடையோ இருந்தால் கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் வைத்து, நீர்நிலைப் புறம்போக்கு எதுவும் உள்ளே வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரி கட்டிய ரசீது அங்கே காப்பாற்றாது.

இரண்டாவது கேள்வி: காற்றும் கடலும்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். வாங்கப்போகும் இடத்தின் பக்கத்தில் காற்றாலை இருக்கிறதா, அதற்குப் போகும் பாதை உங்கள் மனை வழியாக வருகிறதா, உயர் அழுத்த மின்கம்பி தலைக்கு மேல் போகிறதா என்று பாருங்கள். காற்று அடிக்கும் திசையில் மேற்கூரைத் தகடும் சோலார் பலகையும் எப்படிப் பொருத்த வேண்டும் என்பதும் ஒரு செலவுதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது தென்னையும் ரப்பரும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒட்டி நிற்கும் உயரமான தென்னை அழகுதான். அதன் உயரத்தையும் வீட்டுச் சுவருக்கு உள்ள தூரத்தையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

'கடல் பார்த்த மனை' என்று விளம்பரம் வரும். வட்டக்கோட்டைப் பக்கம் சாயங்காலம் போய் நின்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று மணக்குடியில் பாலத்தையே கடல் அடித்துக்கொண்டு போனது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் என்று இருக்கின்றன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகளின் எல்லைக்குள் வரும். அங்கே என்ன கட்டலாம், எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதற்குத் தனி அனுமதி உண்டு. மீனவ மக்கள் காலங்காலமாக இருக்கும் குடியிருப்புக்கு உள்ள விதி, வெளியிலிருந்து வாங்குபவருக்கு அப்படியே பொருந்தாது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பது வேறு கதை.

கூடங்குளத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் உலை 2014 டிசம்பர் 31 முதலும், இரண்டாவது 2017 மார்ச் 31 முதலும் வணிகரீதியில் மின்சாரம் தருகின்றன. இரண்டும் தலா 1,000 மெகாவாட். மேலும் உலைகள் கட்டும் வேலை நடப்பதால்தான் நம் பக்கம் வாடகைக்கு ஆள் வருகிறது. நம் குடியிருப்பிலும் அங்கே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பயமுறுத்த வரவில்லை. நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை வளர்ச்சிக்குக் கட்டுப்பாடுள்ள வளையமும், 16 கிலோமீட்டர் வரை அவசரகால ஏற்பாடுகளுக்கான வளையமும் வகுத்திருக்கிறார்கள். உங்கள் மனை எதற்குள் வருகிறது என்று தெரிந்து வாங்குங்கள். இன்னொன்று, வாடகை வருமானத்தை நம்பிக் கட்டுபவர்கள் ஒரே இடத்து வேலையை நம்பிக் கட்டுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. கட்டுமான வேலை முடிந்து ஆட்கள் ஊர் திரும்பினால் மாடி வீடு பூட்டிக் கிடக்கும். கடன் தவணை பூட்டிக் கிடக்காது.

மூன்றாவது கேள்வி: பாதை

நம் மாவட்டத்தில் மனைத் தகராறு என்றாலே பாதி பாதைத் தகராறுதான். பெரிய தோப்பையும் விளையையும் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்து, பின்பங்குக்காரருக்கு 3 அடி நடைபாதை விட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு போக அது போதும். இன்று கார் போக வேண்டும், செங்கல் லாரி போக வேண்டும், நம் வயதுக்காரர்களுக்கு ஆம்புலன்ஸும் போக வேண்டும். என் கவுண்டருக்கு வந்த ஒருவர், பணிக்கொடை முழுவதையும் போட்டு வாங்கிய மனைக்கு இப்படி 3 அடிப் பாதைதான் என்பதை வீட்டுக்கடன் கேட்டு வந்தபோதுதான் புரிந்துகொண்டார். கடன் கிடைக்கவில்லை. முன்பங்குக்காரர் பாதைக்கு இடம் தர மனையின் விலைக்கே நெருங்கிய தொகை கேட்டார். அவர் மனை இன்றும் காலியாகத்தான் கிடக்கிறது.

ஆகவே நான்கு விஷயங்களைப் பாருங்கள். பாதை எத்தனை அடி என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? அது பொதுப்பாதையா, யாரோ ஒருவருக்குச் சொந்தமான இடத்தில் நடக்கும் உரிமையா? அந்தப் பாதை பொதுச் சாலை வரைக்கும் அதே அகலத்தில் போகிறதா, நடுவில் குறுகுகிறதா? பாதைக்கு விட்ட இடத்தையும் உங்கள் சென்ட் கணக்கில் சேர்த்து விலை போடுகிறார்களா?

கடைசிக் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 6 சென்ட் என்றால் 2,613.6 சதுர அடி. அதில் 100 அடி நீளத்துக்கு 6 அடி அகலம் பாதைக்குப் போனால் 600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 1.38 சென்ட். சென்ட் 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 5.5 லட்சம் ரூபாயை நீங்கள் ஊருக்குப் பாதையாகக் கொடுக்கிறீர்கள். கொடுப்பது தவறில்லை. தெரிந்து கொடுக்க வேண்டும்.

நான்கு வழிச்சாலைக்கோ ரயில் பாதைக்கோ எடுக்கவிருக்கும் நிலமா என்பதையும் வருவாய்த் துறையில் கேட்டுவிடுங்கள். 'ரோடு வரப்போகுது, விலை ஏறும்' என்பார்கள். அந்த ரோடு உங்கள் மனையின் மேலேயே வரப்போகிறதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்காவது கேள்வி: பத்திரம்

இதுதான் நான் பழகிய துறை. கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. அதனால் மூல ஆவணத்தைத் தேடிப் பின்னால் போனால் மலையாளத்தில் எழுதிய பத்திரம் வரும், கொல்லம் ஆண்டு வரும். 1100 என்று போட்டிருந்தால் அது 1924-25. பழைய சர்வே எண் ஒன்றும், ரீசர்வே எண் வேறொன்றுமாக இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ கூலி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'பழசு எல்லாம் எதுக்கு, இப்ப உள்ள பத்திரம் போதும்' என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது வாரிசுரிமை. ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மக்களுக்குப் போகும். அதனால் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி கிண்டலாகவே பாடி வைத்திருக்கிறார். அது முடிந்துபோனது. ஆனால் பெண்மக்களின் பங்கு விஷயம் இன்றும் மனைகளின் மேல் நிற்கிறது. இந்துக் குடும்பங்களில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. மத்திய சட்டத் திருத்தம் 2005-ல் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருவிதாங்கூரில் 1916-ல் வந்த ஒரு வாரிசுரிமைச் சட்டம் இருந்தது. அதன்படி மகளுக்கு, மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதாவது மகளுக்கும் சமபங்கு.

'அக்காவுக்குக் கல்யாணத்துக்கே நகை போட்டாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க' என்று விற்பவர் சொல்வார். நகை போட்டது வேறு, விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தது வேறு. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். உடன்பிறந்தவர் வளைகுடாவில் இருக்கிறார் என்றால் அவர் கொடுத்த பவர் இன்றும் நடப்பில் இருக்கிறதா, அவர் உயிருடன் இருப்பதற்கான சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறியதாக ஆகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கோயில் நிலத்தையும் கவனிக்க வேண்டும். அறநிலையத் துறையின் அனுமதியில்லாமல் கோயில் சொத்தை விற்ற பத்திரம் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்தக் குறை கூடவே வரும்.

வில்லங்கச் சான்று பற்றி ஒரு வார்த்தை. அது பதிவான விவரங்களை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, பதியாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய கடன் இவையெல்லாம் அதில் வராமல் போகலாம். வங்கிகள் தங்களிடம் ஈடாக உள்ள சொத்துக்களைச் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் ஏற்றுகின்றன. 2011-லிருந்து அது இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். 'அசல் லாக்கரில் இருக்கு' என்றால், லாக்கரில் இருந்து எடுத்து வரட்டும், நாம் காத்திருக்கலாம்.

பத்திரப்பதிவு நடந்துவிட்டால் உரிமை உறுதியாகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று, நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பொறுப்பு வாங்குகிற நம்முடையது.

மனைப் பிரிவாக இருந்தால் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் நினைவிருக்கும். 500 சதுர மீட்டருக்கு மேலோ 8 வீட்டுக்கு மேலோ உள்ள புதிய திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். நோட்டீஸில் நடிகர் படம் பெரிதாகவும் அந்த எண் சிறிதாகவும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைத் தேடுங்கள்.

இப்போது விலை

நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தபிறகு விலை பேசலாம். ஃபிளாட்டை விற்றுத் தனி வீடு கட்டுவதை ஒரு உதாரணக் கணக்காகப் போடுகிறேன். தொகைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிளாட் 45 லட்சத்துக்குப் போகிறது. 6 சென்ட், 4 லட்சம் வீதம் 24 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம், 2.16 லட்சம். 1,200 சதுர அடி வீடு, சதுர அடி 2,500 வீதம் 30 லட்சம். கிணறு அல்லது போர், சுற்றுச்சுவர், கேட், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 5 லட்சம். மொத்தம் 61.16 லட்சம். துண்டு விழுவது 16.16 லட்சம். நம் வயதில் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. ஆகவே வைப்புத்தொகையை உடைக்க வேண்டும். 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 1,13,120 ரூபாய் வருமானம் நிற்கும். மாதத்துக்கு 9,400 ரூபாய்க்கு மேல். அது பலருக்கு மருந்துச் செலவு. இத்தனைக்கும், வீடு கட்டி முடியும் வரை வாடகை வீட்டில் இருக்கும் செலவை நான் சேர்க்கவே இல்லை.

வரி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் வேறு வீடு 2 ஆண்டுக்குள் வாங்க வேண்டும், அல்லது 3 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். மனை மட்டும் வாங்கிப் போட்டால் விலக்கு இல்லை. 'கொஞ்சம் வெள்ளையில, மீதி கையில' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாங்குகிற நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வரி அதிகம். ஆடிட்டரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சின்ன வயதுக்காரர்களுக்கும் ஒரு கணக்கு. 40 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். மொத்தம் கட்டுவது 83 லட்சத்துக்கு மேல். பதிவுச் செலவுக்குப் பெரும்பாலும் வங்கி கடன் தராது, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

போகலாமா, இருக்கலாமா?

தனி வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முற்றத்தில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க யாருக்குத்தான் ஆசையில்லை? 40 வயதில் இருப்பவர் நல்ல தண்ணீரும் பாதையும் சுத்தமான பத்திரமும் உள்ள மனை கிடைத்தால் தாராளமாக வாங்கட்டும். என் மகனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசு என்றேன். அதற்குள் விலை ஏறிவிடும் என்றான். ஏறட்டும் என்றேன். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஆனால் 65-ஐத் தாண்டியவர்கள் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யார் கதவைத் தட்டுவது? ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அந்தத் தனி வீட்டில் இருப்பாரா? இங்கே லிஃப்ட் நின்றால் சண்டை போடுகிறோம், பராமரிப்புத் தொகைக்கு முணுமுணுக்கிறோம். ஆனால் மூன்று நாள் கதவு திறக்கவில்லை என்றால் இங்கே யாராவது கேட்பார்கள். அதற்கு விலை போட எனக்கு எந்த பி.காம். பாடமும் சொல்லித்தரவில்லை. கணக்கில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும் நிலம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பிரிக்கப்படாத பங்கு என்று உங்கள் பத்திரத்தில் எத்தனை சதுர அடி எழுதியிருக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். 2022-ன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட முடியும். அந்த நாள் வரும்போது அந்த எண்தான் உங்கள் பங்கைச் சொல்லும். அது தெரியாமல் ஃபிளாட்டுக்கு விலை பேசுவதும் தவறுதான்.

முடிக்கிறேன். சங்கத்துக்கு ஒரு யோசனை வைக்கிறேன், செயலாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நம் சங்க அறையில் நான் உட்காருகிறேன். மனையோ வீடோ பார்க்கிற உறுப்பினர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன், பத்திர நகல்களைக் கொண்டுவாருங்கள். என்னென்ன தாள் இருக்கிறது, எது இல்லை என்று எழுதித் தருகிறேன். அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனால் அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு குறைவு. ஏற்கெனவே மனை வாங்கியவர்கள், உங்கள் பக்கத்துக் கிணற்றின் ஆழத்தையும் மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற உயரத்தையும் ஒரு தாளில் எழுதி அறையில் உள்ள கோப்பில் வையுங்கள். அடுத்து வாங்கப்போகும் ஒருவருக்கு அது தரகரின் நோட்டீஸைவிடப் பயன்படும்.

அறையில் மின்விசிறி சரியில்லை, அதை மட்டும் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.